கடலில் நிற்கும் இரும்பு சொல்வது

1980 மார்ச் 27, வியாழக்கிழமை மாலை. வட கடலின் நடுவே, நார்வேயின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில் காற்றும் மழையுமாக இருந்தது. ‘அலெக்ஸாண்டர் எல். கீலாண்ட்’ என்ற மிதவை மேடையில் அன்று 212 பேர் இருந்தார்கள். எண்ணெய் தோண்டுவதற்கென்று பிரான்சின் டன்கர்க்கில் கட்டப்பட்டு 1976இல் கடலுக்கு வந்த மேடை அது. ஆனால் பக்கத்து மேடைகளில் வேலை செய்பவர்கள் உண்டு உறங்கும் விடுதியாகத்தான் அதை வைத்திருந்தார்கள். பகல் ஷிப்ட் முடித்து வந்தவர்களில் பலர் சாப்பாட்டுக் கூடத்திலும் சினிமா அறையிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஆறரை மணி வாக்கில் ‘படீர்’ என்று ஒரு சத்தம், தொடர்ந்து ஒரு நடுக்கம். மேடை ஒரேயடியாக 30 டிகிரிக்கு மேல் சாய்ந்தது. அதன் ஐந்து கால்களில் ஒன்று பிய்த்துக்கொண்டு போயிருந்தது. ஒரே ஒரு நங்கூரக் கம்பிவடம் அதைச் சிறிது நேரம் இழுத்துப் பிடித்தது. அதுவும் அறுந்ததும் மேடை தலைகுப்புறக் கவிழ்ந்தது. 123 பேர் இறந்துபோனார்கள்.

காரணத்தைத் தேடிப் போன விசாரணைக் குழு, கால்களை ஒன்றோடொன்று இணைத்த குறுக்குக் குழாய்களில் ஒன்றிடம் போய் நின்றது. D-6 என்பது அதன் குறியீடு. ஆள் நிமிர்ந்து நடந்து போகலாம், அவ்வளவு பெரிய குழாய்; விட்டம் 2.6 மீட்டர். அதில் ஒரு துளை போட்டு, ஹைட்ரோபோன் என்னும் நீரடி ஒலிவாங்கியைத் தாங்க ஒரு சிறு குழாயைச் செருகிப் பற்றவைத்திருந்தார்கள். மேடை நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறதா என்று கடலடியிலிருந்து வரும் ஒலியைக் கேட்டுச் சொல்லும் கருவி அது. அந்த வெல்டிங்கின் தடிமன் வெறும் 6 மில்லிமீட்டர். கருவியைத் தாங்கும் ஒரு சில்லறை உறுப்பு என்றுதான் அதை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். விரிசல் பிறந்தது அங்கேதான். விரிசலின் உள்முகத்தில் பெயின்ட் ஒட்டியிருந்ததை நிபுணர்கள் கண்டார்கள். அதாவது கட்டுதளத்தில் வண்ணம் பூசிய நாளிலேயே வெல்டிங் பிளந்திருந்தது. பிறகு ஒவ்வோர் அலைக்கும் மயிரிழை மயிரிழையாக வளர்ந்து, குழாயின் சுற்றளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சுற்றி வந்துவிட்டது. மிச்சம் இருந்தது அந்த வியாழக்கிழமை மாலை முறிந்தது.

ஒலியைக் கேட்பதற்கென்று போட்ட துளையிலிருந்தே அந்த மேடையின் சாவு தொடங்கியது என்பதை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. கடலடியைக் கேட்க ஒரு காதை வைத்தவர்கள், அந்தக் காதைத் தாங்கிய இரும்பைக் கேட்க எதையும் வைக்கவில்லை. மூன்றரை ஆண்டுகளாக ஓர் உருக்குக் குழாய் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்துகொண்டிருந்தது. கிழியும் உருக்கு சத்தம் போடும். மனிதக் காதுக்கு எட்டாத சத்தம்தான், ஆனாலும் சத்தம். அதைப் பிடிக்கும் அறிவு 1980இல் உலகத்தில் இல்லாமல் இல்லை. அப்போதே அதற்கு 30 வயது.

கீலாண்டைக் கவிழ்த்தது துரு என்று நான் சொல்லவில்லை. அது உலோகக் களைப்பு. ஒரே இடத்தில் லட்சக்கணக்கான முறை இழுத்தும் அமுக்கியும் உருக்கு சோர்ந்துபோவது. ஆனால் கடலில் களைப்பையும் துருவையும் தனித்தனியாகப் பிரித்து வைக்க முடியாது. உப்புநீர் அரித்த சின்னக் குழி ஒன்று போதும், விரிசல் அங்கே கால் ஊன்றிக்கொள்ளும். விரிசலுக்குள் புகுந்த நீர் அதன் நுனியைத் தொடர்ந்து அரிக்கும். காற்றில் பல ஆண்டுகள் தாங்கும் அதே இணைப்பு, கடல்நீரில் அதைவிடச் சீக்கிரம் விட்டுப்போகும். அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றின் மேல் 1928இல் கட்டப்பட்ட சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15 அன்று மாலை நெரிசலில் விழுந்து 46 பேர் இறந்தபோது, காரணமாக நின்றது ஒரு கண்ணிச் சட்டத்தின் இணைப்புக்குள் இருந்த சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழ விரிசல். அரிப்பும் இழுவிசையும் சேர்ந்து வளர்த்தது. இணைப்பைக் கழற்றினால் ஒழிய யார் கண்ணுக்கும் அது பட்டிருக்காது. ஓடிக்கொண்டிருக்கும் பாலத்தை யார் கழற்றிப் பார்ப்பார்கள்? கடல் நடுவே நிற்கும் மேடையை யார் கழற்றுவார்கள்?

கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியில் பெயின்ட் உப்பி, விரலால் அழுத்தினால் பொருக்குப் பொருக்காக உதிர்வதைப் பார்த்தவர்கள் அவர்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் உப்புகிறது, வெடிக்கிறது, உதிர்கிறது. கடல் மேடையில் மிக மோசமாக அடிபடும் பகுதி நீருக்கு அடியில் இருப்பதல்ல; அலை ஏறி ஏறி இறங்கும் பட்டைதான். முழுக்க நனைந்த இரும்பைக் காக்க வழி உண்டு. 1824இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காப்பாற்ற ஹம்ஃப்ரி டேவி அதைக் கண்டுபிடித்தார். துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டைச் செம்போடு ஒட்டவைத்தால் அந்தத் துண்டு அரிபடும், செம்பு பிழைக்கும். செம்பு பிழைத்தது. ஆனால் செம்பு கரையாமல் போனதால் பாசியும் சிப்பியும் கப்பலின் அடியில் தாராளமாக வளர்ந்து வேகத்தைக் கெடுக்க, கடற்படை அதைக் கைவிட்டது. டேவியின் அந்தத் ‘தியாகத் துண்டு’ முறைதான் இன்று உலகத்து எண்ணெய் மேடைகளின் நீரடிக் கால்களைக் காக்கிறது. அலுமினியக் கட்டிகளாக வரிசையாகத் தொங்குகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு வேலை செய்ய, இரும்பு எப்போதும் நீருக்குள் இருக்க வேண்டும். அலை அடித்துவிட்டுப் போகும் பட்டையில் நனைவதும் காய்வதும் மாறி மாறி வருகிறது. அங்கே பெயின்ட்டையும் கூடுதல் தடிமனையும் நம்பித்தான் இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இதை உட்கார்ந்து படித்த இடம் ஒன்று உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் திறந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். மண்டபம் என்னும் கடற்கரை ஊரில் அதற்கு ஓர் அரிப்பு ஆய்வுக்கூடம். உலோகத் தகடுகளைக் கடற்காற்றிலும் கடல்நீரிலும் விட்டுவைத்து, எவ்வளவு தின்னப்பட்டது என்று பொறுமையாக எடை பார்க்கும் வேலை. எதிரே 1914இல் திறந்த பாம்பன் பாலம். ஓய்வில்லாமல் உப்பு தெறிக்கும் இடத்தில் இரும்பு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு அதுவே நூறாண்டுச் சோதனைத் தகடு.

ஆனால் தகட்டை எடை பார்த்தால் போனது எவ்வளவு என்று தெரியும். இந்த நிமிடம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியாது. அதற்குத்தான் காது வேண்டும்.

உலோகம் சத்தம் போடும் என்பது பழைய செய்தி. சுத்தமான வெள்ளீயக் கம்பியைக் காதருகே பிடித்து வளைத்தால் ‘கிறீச்’ என்று அழும். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு அந்த உலோகம்தான். அதை அடித்து உருவாக்குபவர்களுக்கு இந்த அழுகை புதிதல்ல. எட்டாம் நூற்றாண்டு ரசவாதி ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரால் வழங்கும் எழுத்துகளிலேயே ஈயத்தின் இந்தக் கரகரப்புக் குறிக்கப்பட்டிருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கூரையைத் தாங்க இரும்புத் தூண் வந்த பிறகும் மரத் தூணை விரும்பியவர்கள் உண்டு. மரம் முறிவதற்கு முன்னால் முனகும், ஓடித் தப்பிக்க நேரம் கொடுக்கும்.

1933இல் ஜப்பானியப் பூகம்ப ஆய்வாளர் ஃபுயுஹிக்கோ கிஷினோயே செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பூமி பிளக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் ஒரு மரப்பலகையை எடுத்து வளைத்தார். கிராமபோன் ஊசியை அந்தப் பலகையில் ஏற்றி, இசைத்தட்டிலிருந்து பாட்டை எடுக்கும் அதே வழியில், மரம் முறியத் தொடங்கும் ஒலியை எடுத்துப் பெருக்கிப் பதிவுசெய்தார். உடையும் பலகையும் நடுங்கும் பூமியும் அவருக்கு ஒன்றுதான். அளவு மட்டும் வேறு.

இதை அறிவியலாக நிறுத்தியவர் ஜெர்மனியின் ஜோசப் கைசர். மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் 1950இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில், துத்தநாகம், அலுமினியம், செம்பு, உருக்கு என்று பல உலோகங்களை இழுத்து அவை எழுப்பும் ஒலியைப் பதிவுசெய்தார். அப்போது ஒன்றைக் கவனித்தார். ஒரு பாரத்தை ஒரு முறை தாங்கிவிட்ட உலோகம், அடுத்த முறை அதே பாரம் வரைக்கும் வாய் திறப்பதில்லை. பழைய உச்சத்தைத் தாண்டினால்தான் மறுபடி ஒலிக்கிறது. ‘கைசர் விளைவு’ என்று இதற்குப் பெயர். கைசர் 1958இல் காலமானார். தன் கண்டுபிடிப்பு எங்கெல்லாம் போகும் என்பதைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை.

கடல் மேடைக்கு இதில் உள்ள பொருள் பெரிது. தினமும் தூக்கும் மூட்டையைத் தூக்கும்போது முனகாதவர் ஒருநாள் முனகினால், மூட்டை கனத்துவிட்டதா என்று கேட்க மாட்டோம். உடம்புக்கு என்ன என்று கேட்போம். பழகிய பாரத்துக்கே ஒரு இணைப்பு ஒலிக்கத் தொடங்கினால், போன முறைக்கும் இந்த முறைக்கும் இடையில் அதற்குள் ஏதோ கெட்டிருக்கிறது. துரு தின்றிருக்கலாம், விரிசல் நீண்டிருக்கலாம். எவ்வளவு என்று அந்த ஒலி சொல்லாது. எங்கே என்று சொல்லும், இப்போது என்று சொல்லும்.

1960களில் அமெரிக்காவில் போலாரிஸ் ஏவுகணைகளின் மோட்டார் உறைகளை அழுத்திச் சோதிக்கும்போது இந்த முறை தொழிலுக்குள் வந்தது. பிறகு அணு உலைப் பாத்திரங்கள், அழுத்தக் கலன்கள், குழாய்கள். நம் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் பல்தேவ் ராஜ் போன்றவர்கள் துருப்பிடிக்காத எஃகு இழுபடும்போதும் முறியும்போதும் எழும் ஒலிகளை ஆராய்ந்தார்கள். பொறியாளர்கள் இதை அகோஸ்டிக் எமிஷன் என்பார்கள். தமிழில் ஒலி உமிழ்வுச் சோதனை.

பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோமே, அதுபோலத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. சுண்டினால் நாம் கேள்வி கேட்கிறோம், பானை பதில் சொல்கிறது. அல்ட்ராசவுண்ட் சோதனை அந்த ரகம்: ஒலியை உள்ளே அனுப்பி எதிரொலியைப் பார்ப்பது. ஒலி உமிழ்வில் நாம் எதையும் அனுப்புவதில்லை. இரும்பு தானாகப் பேசும் வரை காத்திருக்கிறோம்.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். இரும்பின் மேல் பெயின்ட்டைச் சுரண்டி, கிரீஸ் தடவி, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சென்சாரைக் காந்தத்தால் இறுக்குகிறார்கள். உள்ளே ஒரு பீசோ படிகம். ஓர் அணுவின் குறுக்களவைவிடச் சிறிய அசைவு இரும்பின் மேற்பரப்பில் வந்தாலும் அது மின்னழுத்தமாக மாற்றிவிடும். சென்சார் சரியாகக் கேட்கிறதா என்று சோதிக்கும் முறை, முதல் முறை கேள்விப்படுபவர்களை வியக்க வைக்கும். பள்ளிக்கூடப் பையன் வைத்திருக்கும் அழுத்து பென்சில். அரை மில்லிமீட்டர் கரிக்குச்சி, 2H கடினம். கரிக்குச்சியை 3 மில்லிமீட்டர் நீட்டி, இரும்பின் மேல் சாய்த்து வைத்து ‘டிக்’ என்று ஒடிக்க வேண்டும். கரிக்குச்சி ஒடியும் ஒலி கிட்டத்தட்ட ஒரு விரிசல் தாவும் ஒலியைப் போலவே இருக்கும். எல்லா நாட்டிலும் எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரி இருக்கும். அமெரிக்காவின் ஷூ, டென்மார்க்கின் நீல்சன் இருவர் பெயரால் இது ஷூ-நீல்சன் மூலம் எனப்படுகிறது. கோடி கோடியாகப் பணம் கொட்டிய மேடையின் உயிரைக் கேட்கும் காதுகள், பென்சில் முனை ஒடியும் சத்தத்தில்தான் சுருதி சேர்க்கப்படுகின்றன.

இடம் கண்டுபிடிப்பது பூகம்ப மையத்தைக் கண்டுபிடிக்கும் அதே கணக்கு. உருக்கின் மேல் இந்த ஒலி நொடிக்கு ஏறத்தாழ 3000 மீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு சென்சார். ஒன்றுக்கு ஒலி ஒரு மில்லிநொடி முன்னால் வந்தால், அந்தப் பக்கத்துத் தூரம் 3 மீட்டர் குறைவு. அப்படியானால் ஒலி பிறந்த இடம் அந்தச் சென்சாரிலிருந்து மூன்றரை மீட்டர். ஆள் அங்கே போய் அல்ட்ராசவுண்டால் அளந்து பார்த்தால் போதும். மேடை முழுக்கத் துழாவ வேண்டாம்.

துருவைக் கேட்கும் கலை நன்றாக முதிர்ந்தது கரையில் நிற்கும் எண்ணெய்த் தொட்டிகளில்தான். தொட்டியின் அடித்தகடு மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது. மேலே எண்ணெய், கீழே மண். யாராலும் பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமானால் காலி செய்து, கழுவி, வாயு போக்கி, ஆளை இறக்க வேண்டும். வாரக் கணக்கில் ஆகும். ஒலி உமிழ்வில் தொட்டியை நிரப்பியபடியே விடுகிறார்கள். வால்வுகளை மூடி, பம்பையும் கலக்கியையும் நிறுத்தி, ஒருநாள் போல அசையாமல் அமர விடுகிறார்கள். சுவரைச் சுற்றிச் சென்சார்கள். பிறகு மணிக்கணக்கில் கேட்கிறார்கள். மழை வந்தால் சோதனை நின்றது. ஒவ்வொரு துளியும் முரசு அடிக்கும். இரவுக் குளிரில் கூரையின் உட்புறம் வியர்த்து, ஒரு சொட்டு எண்ணெயின் மேல் விழுந்தால்கூட அது துருவின் குரல் மாதிரி ஏமாற்றும். அதைப் பிரித்தறிய மேலே இன்னொரு வரிசைச் சென்சார் வைப்பார்கள். மேலே முதலில் கேட்டது கூரையிலிருந்து வந்தது, கீழே முதலில் கேட்டது அடியிலிருந்து வந்தது. முடிவு A முதல் E வரை தரமாக வரும். E வந்த தொட்டியை முதலில் திற. A வந்ததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இரும்பு கரைவது ஏறக்குறைய சத்தமில்லாத வேலை. சென்சார் கேட்பது அதன் பின்விளைவை: துருப் பொருக்கு உப்பி வெடிப்பதை, பிரிவதை, ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்புவதை, அரிப்பு நுனியில் விரிசல் தாவுவதை. அதனால், ஓசையில்லாத சுவர் நல்ல சுவர் என்று எழுதிக்கொடுக்க முடியாது. பத்து ஆண்டுகளுக்கு முன்னால் தின்றுவிட்டு இப்போது ஓய்ந்து கிடக்கும் குழி எதுவும் பேசாது. இதை மறைத்து விற்கப்பட்ட அறிக்கைகளால்தான் இந்த முறைக்குக் கெட்ட பெயர் வந்தது என்பது என் கருத்து.

இனி கடல். 1970களின் பிற்பகுதியிலிருந்தே வட கடல் மேடைகளில் இந்த முறையைப் பரீட்சை செய்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு அது எடுபடவில்லை. கடல் ஓயாது கத்தும் இடம். அலை, காற்று, பம்பு, ஜெனரேட்டர், சங்கிலி உரசல், மேலே இறங்கும் ஹெலிகாப்டர். வெதுவெதுப்பான நம் கடல்களில் இடுக்கியைச் சொடுக்கும் சிறு இறால் இனம் ஒன்று உண்டு; அந்தச் சொடுக்கு சென்சார் கேட்கும் உயர் அதிர்வெண் வரை எட்டும். கடலின் இரைச்சலில் பெரும்பங்கு தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் 100 கிலோஹெர்ட்சுக்கு மேலே காதை நகர்த்தினார்கள். இரைச்சல் குறைந்தது. ஆனால் உயர்ந்த ஒலி வெகுதூரம் போகாது. ஒவ்வொரு வெல்டிங்கிலும் தேய்ந்துபோகும். அதனால் சந்தேகமுள்ள ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாகக் காது வைக்க வேண்டியிருந்தது. வைத்த காதின் வயரை, அலை அடிக்கும் அந்தப் பட்டையிலேயே, முதல் புயல் பிய்த்துக்கொண்டு போனது. கம்பெனிகள் மூழ்காளிகளிடமும் ரோபோ கேமராக்களிடமும் திரும்பிப் போனதில் வியப்பில்லை. ஆண்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரும் கண்ணுக்குச் செலவு தெரியும். முந்நூற்று அறுபத்தைந்து நாளும் விழித்திருக்கும் காதுக்குச் செலவு முடிவதே இல்லை.

அந்த முடியாத செலவைச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதை ஸ்காட்லாந்தில் கடல் கழிமுகத்தின் மேல் நிற்கும் ஃபோர்த் சாலைப் பாலம் காட்டியது. 1964இல் திறந்த தொங்குபாலம். அதன் முதன்மை வடங்கள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மெல்லிய உருக்குக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டியவை. மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தது. நாற்பது ஆண்டு கழித்து 2004இல் முதன்முறையாகக் கட்டைப் பிரித்து உள்ளே பார்த்தபோது, துருவால் கம்பிகள் அறுந்து, வடத்தின் பலத்தில் 8 முதல் 10 விழுக்காடு போய்விட்டது தெரிந்தது. உடனே செய்த வேலைகளில் ஒன்று, 2006இல் வடம் நெடுக ஒலிக் கருவிகளைப் பொருத்தியது. உள்ளே எங்காவது ஒரு கம்பி அறுந்தால், அந்த ஒலி எந்த இடத்தில் எந்த நேரத்தில் என்று பதிவாகும். வடத்துக்குள் உலர்ந்த காற்றைச் செலுத்தி ஈரத்தை விரட்டினார்கள். காது சேதத்தின் வேகத்தைச் சொன்னது, காற்று அந்த வேகத்தைக் கட்டியது. புதிய பாலம் வரும் வரை பழையது தாங்குமா என்ற கேள்விக்கு ஊகத்தை விட்டு, பதிவேட்டைப் பார்த்துப் பதில் சொல்ல முடிந்தது.

அதே பாலம் 2015 டிசம்பரில் மூடப்பட்டது. பாலத்தட்டை முதன்மைக் கோபுரத்தோடு இணைக்கும் ஓர் உறுப்பில் விரிசல். அங்கே சுழல வேண்டிய இணைப்பு ஆணி இறுகிப்போயிருந்ததால் உருக்கு வளைந்து வளைந்து பிளந்தது. காதுகள் அனைத்தும் வடத்தின் மேல் இருந்தன. இந்த உறுப்பின் மேல் எதுவும் இல்லை. வழக்கமான பார்வையில் ஒருவர் கண்ணில் பட்டதால் பாலம் பிழைத்தது. காரணத்தை அலசிப் பழுதுபார்த்த பிறகுதான் வண்டிகள் ஓடின. ஒரு பாலத்தில் மூன்று வாரம் போக்குவரத்தை நிறுத்தி வைத்த அந்த முடிவு எளிதானதல்ல. அதைச் செய்தார்கள்.

நான் இந்த வரலாற்றைத் திரும்பத் திரும்பப் படித்து வந்து சேர்ந்திருக்கும் இடம் இதுதான். இரும்பின் ஒலியைப் பிடிப்பது இன்று பெருமளவு தீர்ந்துபோன தொழில்நுட்பச் சிக்கல். தீராமல் இருப்பது, கேட்டவர் சொன்னால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி. 1999 டிசம்பர் 12 அன்று பிரிட்டனி கடற்கரைக்கு அப்பால் ‘எரிகா’ என்ற டேங்கர் புயலில் இரண்டாக உடைந்தது. வயது 24. துருவேறி நலிந்த உடல். அதில் இருந்த 26 மாலுமிகளும் இந்தியர்கள். ஹெலிகாப்டர் வந்து அவர்களைத் தூக்கியது தெய்வாதீனம். அந்தக் கப்பல் சோதிக்கப்படாத கப்பல் அல்ல. செல்லுபடியாகும் சான்றிதழ்களோடுதான் போனது. சோதனை நடந்திருந்தது, சான்றிதழ் இருந்தது. நிறுத்து என்று சொல்லி நிறுத்தவைக்கும் கை மட்டும் இல்லை.

மும்பை ஹையில் 1974இல் எண்ணெய் கண்டோம். 1976 மே மாதம் எடுக்கத் தொடங்கினோம். 25 ஆண்டு ஆயுள் என்று கணக்குப் போட்டுக் கட்டிய மேடைகள் பல அந்த எல்லையைத் தாண்டியும் அங்கே நிற்கின்றன. எண்ணெய் இருக்கும் வரை நிற்கும். ஆயுளை நீட்டுவது தவறில்லை. அடித்தளக் கணக்கு சரியாக இருந்து, துரு கட்டுக்குள் இருந்தால் உருக்கு நீண்ட காலம் தாங்கும். ஆனால் நீட்டிய ஒவ்வோர் ஆண்டுக்கும் தொடர்ந்து கேட்கும் காது ஒன்றை விலையாக வைக்க வேண்டும். மேடை புதிதாக இருக்கும்போதே கேட்கத் தொடங்க வேண்டும். அதன் இளமைக் குரல் நம் பதிவில் இருந்தால்தான் முதுமையின் முனகலைப் பிரித்தறிய முடியும். கேட்பவர், எண்ணெய் எடுப்பவரின் சம்பளப் பட்டியலில் இருக்கக் கூடாது. அவர் எழுதும் முடிவு, அந்த மேடையில் உறங்குபவர்களுக்குப் புரியும் மொழியில் சாப்பாட்டுக் கூடத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்குப் பாம்பனைக் காட்டுவேன். 2022 டிசம்பரில் அந்தப் பழைய பாலத்தில் பாதுகாப்புக் கருதி ரயிலை நிறுத்தினார்கள். ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கிப் பஸ் பிடித்தார்கள். ஒரு மாதம் இரண்டு மாதமல்ல. 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறக்கும் வரை. கடைக்காரர்களுக்கு நஷ்டம், யாத்திரிகர்களுக்கு அலைச்சல். ஆனாலும் பொறுத்துக்கொண்டார்கள். இரும்பு முடியாது என்று சொன்னபோது ஒரு தீவின் ரயிலையே நம்மால் நிறுத்த முடிந்திருக்கிறது.

நம் ஊர்களிலிருந்து ரிக் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. மும்பைக் கடலுக்கும் வளைகுடாவுக்கும் போய், மாதக் கணக்கில் இருந்துவிட்டு வருகிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை லீவில் வரும்போது கேளுங்கள்: நீ தூங்கும் மேடையின் கால்களைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், என்ன முடிவு வந்தது, அதை உன்னிடம் யாராவது சொன்னார்களா?